ஏழைக்கேற்ற எள்ளுருண்டை

கேள்வி: அமெரிக்காவில் சொற்ப வருமானக்காரர் ஒருவர் தற்காப்புக்காக முதல் துப்பாக்கி வாங்க இயலுமா?

பதில்: இயலும், ஒஹாயோவில் தயாராகும் ஹை-பாயின்ட் சி9 என்னும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி 200 டாலரை ஒட்டிய விலையில் கிடைப்பதால், சிறுசேமிப்பே போதும். தோட்டா வெடிக்கும் விசையைத் தாங்குவதற்காகப் பிற 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் குழலும் மேற்பாகமும் பூட்டிக்கொள்ள, இதிலோ அந்தப் பூட்டையே விட்டுவிட்டு, 'ஸ்லைடு' எனப்படும், சுட்டவுடன் பின்னோக்கி நகரும் மேற்பாகத்தைத் துத்தநாகக் கலவையில் தடிமனாக வார்த்து, அதன் கனத்தாலேயே விசையை அடக்கியிருப்பதால், விலை இறங்கியது, எடை ஏறியது. எட்டுத் தோட்டா தீர்ந்தபின் எதிரியின் தலையில் போடவும் உதவும் என்று கேலி பேசுவோர் உண்டு. ஆனால் கல்யாணத்தைவிடக் குடித்தனம்தான் செலவு: பயிற்சிக்குத் தோட்டா, சுடுதளக் கட்டணம், காதடைப்பான், குழந்தைகள் கைக்கு எட்டாத பூட்டுப்பெட்டி என்று வாங்கி முடிப்பதற்குள் துப்பாக்கியின் விலை மறந்தே போகும். உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்குவோர், குற்றப் பின்னணிச் சோதனைக்கு முன் 4473 எனும் கூட்டரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். போதைப் பழக்கம் உண்டா, தலைமறைவுக் குற்றவாளியா என்றெல்லாம் துருவும் அப்படிவம், மாதக் கடைசியில் கையிருப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்பதில்லை.