அக்னி மூலையும் ஒத்தக் கம்பியும்

வா கண்ணு, உக்காரு. என்ன, மூஞ்சியில ஈயாடலை? புது ஊட்டுக்கு நாலு டிவி வாங்கிப்போட்டே. டிஷ்ஷுல இருந்து நாலு கம்பி எறங்குனா செவுத்து அழகு கெட்டுப்போகும், அதான வெசனம்? நல்ல வெசனந்தான் போ. நாங்கெல்லாம் மழை பேயலையேன்னு வெசனப்பட்ட ஆளுக.

ஊட்டுல ஆளு எத்தனை? நீ, உன்ற பொண்டாட்டி, பையன். திண்ணையில நான். ஆளுக்கொரு கட்டிலாட்ட ஆளுக்கொரு டிவி! பஞ்சாயத்து போர்டு ரூம்புல ஒத்தப் பொட்டிய வெச்சுக்கிட்டு, வெள்ளிக்கெழமை ஒளியும் ஒலியும் பாக்க ஊரே முண்டியடிச்சுது. அன்னைக்கு ஆரும் எனக்குத் தனிக் கம்பி வேணும்னு கேக்கலை. சரி, அது அந்தக் காலம். உட்டுத்தள்ளு.

வாஸ்துக்காரனுக்கு அம்புட்டு ரூவா குடுத்து அடுப்பை அக்னி மூலைக்கு மாத்துனியே, டிஷ்ஷு எந்தப் பக்கம் பாக்குதுன்னு ஏறிப் பாத்தியா? அதுவும் அக்னி மூலையத்தான் பாக்குது. நீ வெச்சிருக்கற டிடி ஃப்ரீ டிஷ்ஷு வர்ற ஜிசாட்-15, 93.5 டிகிரி கெழக்குல, சுமாரா 36 ஆயிரம் கிலோமீட்டர் ஒசரத்துல நிக்குது. நம்மூர்ல நின்னு பாத்தா தென்கெழக்கு வானத்துல முக்கா ஒசரம். அதுக்கு வாஸ்துவும் தெரியாது, உன்ற செவுத்து அழகும் தெரியாது.

கம்பிக்கு வர்றேன். அந்த டிஷ்ஷு மூக்குல ஒரு குட்டிப் பொட்டி இருக்குதே, எல்என்பி, அது வானத்துல இருந்து வர்றதை அப்பிடியே கம்பியில எறக்காது. அலையில சிலது நட்டமா வரும், சிலது படுக்கையா வரும். செட்டாப் பாக்ஸு 13 வோல்ட் அனுப்புனா நட்டமா வர்றது எறங்கும், 18 அனுப்புனா படுக்கையா வர்றது எறங்கும். அதுலயும் மேக்கூறா கீக்கூறான்னு சொல்ல, கூடவே 22 கிலோஹெர்ட்ஸுல ஒரு முனகல். ஆக நாலு கூறு. ஒரு கம்பியில ஒரு நேரத்துக்கு ஒரு கூறுதான்.

இப்ப நீ என்ன பண்ணுனே? கடையில ஸ்ப்ளிட்டர் வாங்கி, ஒத்தக் கம்பிய ரெண்டாப் பிரிச்சு மாட்டுனே. உன்ற பொட்டி 13-ம் பொண்டாட்டி பொட்டி 18-ம் கேட்டா, எது செயிக்கும்? ஏங் கண்ணு, கலியாணமாகி எட்டு வருசமாச்சு, இதக்கூட நாஞ் சொல்லணுமா? ஒசந்த வோல்ட்டுதான். உன்ற பொட்டியில "சிக்னல் இல்லை"ன்னு வரும். நீ கம்பெனிக்காரனுக்குப் போனப் போட்டு வைவே.

இந்த அக்கப்போருக்குத்தான் வெள்ளக்காரன் ஒரு ரோசனை பண்ணுனான். யூனிகேபிள்ங்கறான். 2007-ல ஐரோப்பாவுல சட்டதிட்டமே போட்டான், ஈஎன் 50494-ன்னு. நம்ம கட்டுத்தறியாட்டத்தான். மாட்டுக்கொரு மொளைக்குச்சி. பாக்ஸு ஒவ்வொண்ணுக்கும் கம்பிக்குள்ள தனியா ஒரு எடம். "எனக்கு இன்ன சேனலு வேணும், என்ற குச்சியில கொண்டாந்து கட்டு"ன்னு பாக்ஸு சொல்லும். மேல இருக்கற எல்என்பி அத மட்டும் புடிச்சு அந்த எடத்துல கட்டிப்போடும். ஒரே கம்பியில எட்டு பாக்ஸு வரைக்கும். அடுத்து வந்த ஈஎன் 50607-ல 32 வரைக்கும். கெட்டிக்காரத்தனந்தான், இல்லைங்கலை. ஆனா ரெண்டு மாட்ட ஒரே குச்சியில கட்டிப் பாத்திருக்கியா? ரெண்டு பாக்ஸுக்கு ஒரே நம்பரு போட்டுட்டா அதே முட்டல்தான்.

அந்தப் பாஷை உன்ற பாக்ஸுக்குத் தெரியுமா? எல்என்பி அந்தச் சாதியா? ஸ்ப்ளிட்டரு கரண்டை மேல போக உடுமா? மூணுக்கும் ஆமான்னாத்தான் படம் வரும். மெனுவத் தொறந்துகூடப் பாக்காம யூனிகேபிள் எல்என்பிக்கு ஆர்டர் போட்டிருக்கே. மாடு வாங்காமயே மூக்கணாங்கயிறு திரிக்கறே.

இன்னொண்ணு. ஒத்தக் கம்பிய எலி கடிச்சா நாலு டிவியும் ஒண்ணா இருட்டு. நாலு வாய் எல்என்பி போட்டு நாலு கம்பி இழுத்திருந்தா, கடிபட்டது மட்டும் போகும். இதுல அதிசயமான பாஷையும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். மழை கொட்டுனா மட்டும் ஒண்ணுக்கும் நாலுக்கும் பேதமில்லை. எல்லாம் ஒண்ணா நின்னுபோகும்.

அந்த ஒத்தக் கம்பி ரோசனை ஆருக்கு? கட்டி முடிச்ச பழைய ஊடு, செவுத்துக்குள்ள ஒரே பைப்பு, இன்னொரு கம்பி நொழையாதுங்கறவனுக்கு. அவனுக்கு அது சாமி. உனக்கு? உன்ற செவுரு இன்னும் பூசக்கூட இல்லை கண்ணு! காடி வெட்டுன எடமெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டுத் தாகம்ங்கறே.

நாளைக்குக் காலையில கொத்தனார் வந்துருவாரு. பூச்சு போடறதுக்குள்ள எலெக்ட்ரீசியனக் கூப்புட்டு ரூம்புக்கொரு பைப்பு பொதைக்கச் சொல்லு. என்ன, நாலாவது டிவி எனக்கா? எனக்கெதுக்குப்பா அந்தக் கருமம்? ரோட்டுல போறவன் வர்றவனப் பாக்கறதுக்கே கண்ணு பத்தலை.

ஆனா எலெக்ட்ரீசியன் வந்தா, திண்ணைக்கும் ஒரு பைப்பு உட்டு வெக்கச் சொல்லு. சும்மா கெடக்கட்டும்.