மாம்பழச் சகலைகள்

என் சகலைகள் இருவர். மூத்தவருக்குச் சேலம், இளையவருக்குக் கிருஷ்ணகிரி. மே மாதம் பிறந்துவிட்டால் மாமனார் வீட்டுத் திண்ணை போர்க்களம்தான்.

“எங்க மல்கோவாவோட எடை என்ன, மணம் என்ன! ஊருக்கே மாங்கனி நகரம்னு பேருங்க” என்று தொடங்குவார் மூத்தவர்.

“பேர் உங்களுது, தோப்பு எங்களுதுங்க அண்ணே. உங்க கடைவீதிக் கூடையக் கிளறிப் பாருங்க, எங்க ஊரு மண்ணுதான் ஒட்டியிருக்கும்” என்பார் இளையவர்.

பழம் அலுத்ததும் சண்டை மலையேறும். மூத்தவர் கையில் ஏற்காடு இருக்கிறது. ‘ஏழைகளின் ஊட்டி’ என்பதைப் பட்டமாகவே சொல்லிக்கொள்வார். “உங்க பக்கம் இருக்கறதெல்லாம் மலையா? வெறும் பாறை!”

“அந்தப் பாறையத்தான் கிரானைட்டுன்னு காசு குடுத்து வாங்கி, உங்க அடுப்பு மேடையில போட்டிருக்கீங்க.”

இதில் வேடிக்கை, சேலத்திலிருந்து 1965-ல் பிரிந்தது தருமபுரி. தருமபுரியிலிருந்து 2004-ல் பிரிந்தது கிருஷ்ணகிரி. ஆக, அடித்துக்கொள்வது தாத்தாவும் பேரனும். மாமரங்களுக்கு மட்டும் அரசாணை நகல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் காய்த்துத் தொலைக்கின்றன.

நேற்றும் மாமியார் நறுக்கி வைத்த தட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடினார்கள். தீர்ப்புக் கேட்டு என் பக்கம் திரும்பியபோது தட்டில் இரண்டு கொட்டைகள் இருந்தன. ஊருக்கு ஒன்று என்று நியாயமாகத்தான் விட்டுவைத்திருந்தேன்.