சென்றுதேய்ந்து இறுதல்: வீடு துடைத்தலிலும் குறை சொல்லுதலிலும் காணப்படும் பத்துக் குற்றங்கள் – ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வடக்கே பால்கனியும் தெற்கே செருப்பு ஸ்டாண்டும் எல்லையாக அமைந்த, சென்னை அடுக்ககத்து இரண்டு படுக்கையறை வீடே இவ்வாய்வின் களம். காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்டதே பொழுது. வேலை செய்யும் அக்கா பெருக்கித் துடைத்துவிட்டுப் போன பின் தரையில் எஞ்சுவது எது, அதன் பொருட்டு வீட்டார் மனத்தில் எஞ்சுவது எது ஆகிய இரண்டும் ஆய்வுப் பொருள். வீட்டோடு தங்கி வேலை செய்வோர், கம்பெனி அனுப்பிவைக்கும் சீருடைக்காரர்கள், மாமியார் ஆகியோர் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவர்கள்.

இத்துறையில் முன்னாய்வுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை யாவும் வாய்மொழி மரபைச் சார்ந்தவை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும் கீரை வண்டியைச் சுற்றி நிற்கும்போதும் நிகழ்த்தப்பெற்றவை. "இப்பல்லாம் யாருங்க ஒழுங்கா வேலை செய்யறாங்க?" என்ற ஒரே முடிவை எல்லா ஆய்வாளர்களும் தனித்தனியே வந்தடைந்திருப்பது வியக்கத்தக்கது. முடிவு முதலிலும் தரவு பின்னாலும் வருவது இம்மரபின் தனிச்சிறப்பு.

நமது கருதுகோள் சற்றே வேறுபட்டது: வேலையில் குறை உண்டு. அந்தக் குறையைச் சொல்லும் முறையில் உள்ள குறை அதனினும் பெரிது.

2. ஆய்வு நெறிமுறை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்துச் சொல்கிறது. நூலுக்கு வகுத்ததைத் தரைக்குப் பொருத்தலாமா என்று சிலர் வினவக்கூடும். எதை வேண்டுமானாலும் எதனோடும் ஒப்பிடலாம் என்ற தாராள மனம் நம் ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவுவதால், இதற்குத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

பயன்படுத்திய கருவிகள் மூன்று: டிவி ஸ்டாண்டின் மேல் இழுத்துப் பார்க்க ஆள்காட்டி விரல், தரையின் தரம் அறிய வெள்ளை சாக்ஸ் போட்ட பிள்ளை, பாத்திரத்தின் அடிப்புறம் பார்க்க மூக்குக்கண்ணாடி.

3. தரையில் கண்டவை

*குன்றக் கூறல்.* மாப்பு பிடித்த கை அரைவட்டமாகத்தான் வீசும். அரைவட்டத்துக்குப் பக்கத்தில் அரைவட்டமாகப் போட்டுக்கொண்டே போனாலும், சுவரோரத்தில் ஈரம் படாத முக்கோணங்கள் வரிசையாக நிற்கும். வட்டத்தைக் கொண்டு மூலையை நிரப்ப முடியாது என்பது வடிவியல். கதவிடுக்கு இதன் உட்பிரிவு. பெருக்கும்போது கதவு எப்போதும் திறந்தே இருப்பதால், கதவுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது என்பதே பெருக்குபவருக்குத் தெரியவருவதில்லை.

*மிகைபடக் கூறல்.* தரை துடைத்தது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்ற கொள்கையின்படி, மூடியளவு ஊற்ற வேண்டிய தரை லோஷனைக் கண்ணளவில் ஊற்றுவது. மிஞ்சிய லோஷன் தரையில் மெல்லிய பிசுக்காகக் காய்ந்து, மறுநாள் தூசியைத் தானே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும்.

*கூறியது கூறல்.* ஹாலின் நடுப்பகுதியை இரண்டு முறை துடைப்பது. பார்வைக்கு எட்டும் இடம் அதுதான் என்பதால் இது ஓரளவு மன்னிக்கத்தக்கது.

*மாறுகொளக் கூறல்.* பெருக்கித் துடைத்து முடித்த பிறகு ஒட்டடைக் கம்பை எடுப்பது.

*வழூஉச்சொற் புணர்த்தல்.* பாத்ரூம் துணியும் சாப்பாட்டு மேசைத் துணியும் ஒரே கொடியில் தொங்கி, நாளடைவில் ஒன்றாகிவிடுவது. பத்துக் குற்றங்களுள் உடனே வாய்திறந்து சொல்ல வேண்டியது இது ஒன்றே, காரணம் வயிறு.

*மயங்க வைத்தல்.* தரையில் கிடந்த ரிமோட், பென்சில், ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் பெருக்குவதற்காக சோபா மேல் ஏறும். இறங்கியதாகச் சான்று இல்லை.

*வெற்றெனத் தொடுத்தல்.* பக்கெட் தண்ணீரை மாற்றாமல் அறை அறையாகப் போவது. முதல் அறையின் அழுக்கு மற்ற அறைகளுக்குச் சமமாகப் பங்கிடப்படுகிறது.

*மற்றொன்று விரித்தல்.* பெருக்க வந்த இடத்தில் மூன்றாம் மாடி வீட்டுச் சண்டையை விரித்துரைப்பது. துடைப்பம் பாதியில் நிற்க, வீட்டார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பதால், இக்குற்றத்தில் இரு தரப்புக்கும் பங்குண்டு.

*சென்றுதேய்ந்து இறுதல்.* பத்திலும் தலையாயது. வாசலில் தொடங்கும்போது கை ஓங்கி வீசும். ஹாலைத் தாண்டும்போது வேகம் குறையும். கடைசிப் படுக்கையறைக்குப் போகும்போது மாப்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும். வேலைக்குச் சேர்ந்த மாதத்தையும் ஆறாம் மாதத்தையும் ஒப்பிட்டால் இதே தேய்வு காலத்திலும் புலப்படும். முதல் மாதத்தில் யாரும் சொல்லாமலே ஜன்னல் கம்பி துடைத்த கைதான் அது.

*நின்றுபயன் இன்மை.* இதற்குச் சான்று வீட்டாரின் துடைப்பமே. மேகாலய மலைச்சரிவுகளில் விளையும் புல்லிலிருந்து வரும் பூந்துடைப்பம் அது. பூவெல்லாம் உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சிய பின்னும் பால்கனி மூலையில் சாய்ந்து நிற்கிறது. "புதுசு ஒண்ணு வாங்கிக் குடும்மா" என்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளது.

4. இடைப்பிறவரல்: மின்விசிறிச் சிக்கல்

இத்தனை வேகமாகச் சுற்றும் ஃபேன் இறக்கையில் தூசி எப்படி ஒட்டி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை 1904-இல் கிடைத்துவிட்டது. ஹைடல்பர்க் மாநாட்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் லுட்விக் பிராண்டில் எல்லைப் படலக் கோட்பாட்டை முன்வைத்தார். ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அந்தப் பரப்போடு ஒட்டியே நகர்கிறது. விலக விலகத்தான் வேக வேறுபாடு கூடுகிறது. ஆகவே இறக்கையை ஒட்டி உட்கார்ந்த நுண்தூசியைப் பொறுத்தவரை அங்கே காற்றே அடிக்கவில்லை. நிம்மதியாக இருந்துவிடுகிறது.

தூசி அங்கே ஏன் இருக்கிறது என்பதைப் பிராண்டில் விளக்கினார். அதை யார் துடைப்பது என்பதை அவர் சொல்லவில்லை. "ஃபேனு தனி" என்கிறார் அக்கா. ஸ்டூல் மேல் ஏறி, கழுத்தை மடக்கி, கண்ணில் தூசி விழத் துடைக்கும் வேலைக்குத் தனிக்கூலி கேட்பது நியாயம் என்றே இவ்வாய்வு கருதுகிறது.

5. வாயில் கண்டவை

இனி ஆய்வின் இரண்டாம் பகுதி. காலை ஏழரை மணிக்கு அடுப்படியில் ஒத்திகை நடக்கிறது. "இன்னிக்கு முகத்துக்கு நேரா கேட்டுடப் போறேன். சோபாவுக்கு அடியில ஒரு வாரமா துடைப்பமே போகல." கணவர் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல் ஆமோதிக்கிறார். எட்டு மணிக்கு அழைப்புமணி.

"அக்கா…"

"சொல்லும்மா."

"அந்த சோபா…"

"சோபாக்கு என்னா?"

"ஒண்ணுமில்லக்கா. வாங்கி ஆறு வருஷமாச்சுன்னு சொல்ல வந்தேன். டீ போட்டு வெச்சிருக்கேன், ஆறிடப் போகுது."

தேய்ந்து இறுதலுக்குத் தரையில் கூட இவ்வளவு தூய சான்று கிடைக்கவில்லை.

மற்றக் குற்றங்களும் அணிவகுக்கின்றன. கணவரிடம், தங்கையிடம் போனில், எதிர்வீட்டில் என்று எல்லாரிடமும் சொல்லி, சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லாமல் விடுவது கூறியது கூறலும் குன்றக் கூறலும் கலந்த அரிய வகை. "கொஞ்சம் நல்லா பண்ணுங்கக்கா" என்பது மயங்க வைத்தல். எங்கே, எதை, எப்படி என்ற மூன்றுக்கும் அதில் விடையில்லை. "அவசரப்படாம நிதானமாப் பண்ணுங்க, ஒன்பதுக்கு நாங்க வீட்டைப் பூட்டணும்" என்பது மாறுகொளக் கூறல். மாதக்கணக்கில் அடக்கிவைத்ததை ஒருநாள் மொத்தமாகக் கொட்டி "வந்த நாள்லேருந்தே நீங்க இப்படித்தான்" என்பது மிகைபடக் கூறல். தூசியில் தொடங்கிப் போன மாத லீவு, பொங்கலுக்குக் கொடுத்த புடவை என்று போவது மற்றொன்று விரித்தல். வாய்திறக்காமல், அவர் துடைத்த இடத்தை அவர் கண்ணெதிரிலேயே மறுபடி துடைத்துக் காட்டுவது வெற்றெனத் தொடுத்தல். "உங்களை மாதிரி ஆளுங்களே…" என்று ஆரம்பிப்பது வழூஉச்சொல். தூசி அடுத்த நாள் போய்விடும், இது போகாது.

6. கோட்பாட்டுப் பின்புலம்

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலொன்றில், தரம் குறையும்போது மனிதர் முன் உள்ள வழிகளாக விலகுதல், குரல் கொடுத்தல் ஆகிய இரண்டையும், அவற்றுக்கிடையே நின்று தடுக்கும் பற்று என்ற ஒன்றையும் எடுத்துக்காட்டினார். நம் வீடுகளில் மூன்றும் உண்டு. விலகினால் வாட்ச்மேனிடம் சொல்லிவைத்து அடுத்த ஆள் வரும்வரை பாத்திரம் தேய்ப்பது யார் என்ற கேள்வி எழும். பற்றோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று தானாக மூன்று மணி நேரம் கூட இருந்த அக்கா என்ற நினைவாக வந்து நிற்கும். மிஞ்சுவது குரல். அது டீயில் கரைந்ததை மேலே கண்டோம்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் வேலை மேம்படுமா? சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளிலிருந்து, கவனிக்கப்படுகிறோம் என்றாலே உழைப்பு கூடுகிறது என்ற கருத்து பிறந்தது. பிற்கால ஆய்வாளர்கள் அதை ஐயுற்றனர். நமது களத்தில் ஐயத்துக்கே இடமில்லை. காபி டம்ளரோடு பின்னாலேயே போகும் வீட்டாரின் கால்தடம் ஈரத்தரையில் பதிவதால், அழுக்கு கூடுகிறது.

7. ஒரு மணி நேரத்தின் கணக்கு

ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்பது பேச்சு. அதற்குள் பாத்திரம், பெருக்கல், துடைத்தல். அப்புறம் மெஷினில் கிடக்கும் துணியை உதறிப் போடுவது, செடிக்குத் தண்ணீர், கொத்தமல்லி ஆய்வது என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். மணி மட்டும் அறுபது நிமிடமாகவே நிற்கும். பட்டியல் நீளும்போது எது சுருங்கும்? சோபாவின் அடிதான். அங்கே கிடக்கும் தூசி சோம்பலின் விளைவு என்று இதுவரை எழுதப்பட்டு வந்தது. அது வீட்டாரின் வகுத்தல் கணக்கில் வந்த மீதி என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

அரசும் இந்த மணிக்கு விலை வைத்துப் பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2018-இல் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டபோது தொடக்க நிலை மணிக்கு 37 ரூபாய். 2011 ஜூன் 16 அன்று ஜெனிவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை இன்னும் ஒரு படி போகிறது: செய்ய வேண்டிய வேலை இன்னதென்று வீட்டுப் பணியாளருக்குப் புரியும்படி, இயன்றால் எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஜெனிவாவில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்துவிடும் பழக்கம் தனிமனிதர்களுக்கு மட்டும் உரியதன்று என்று தெரிகிறது.

8. பரிந்துரைகள்

விதி ஒன்று: ஒரு நாளைக்கு ஒரே குறை, அதுவும் இடத்தின் பெயரோடு. "நல்லா பண்ணுங்க" என்பது குறையாகக் கொள்ளப்படாது.

விதி இரண்டு: ஒரு வேலை கூடினால் ஒன்று குறைய வேண்டும், அல்லது சம்பளம் கூட வேண்டும்.

விதி மூன்று: துடைப்பம், மாப்பு, துணி ஆகியவற்றின் ஆயுள் முடிந்த பின் தரையைப் பற்றி வாய்திறக்க வீட்டாருக்கு உரிமையில்லை.

விதி நான்கு: சொல்பவர் ஒருவரே. கணவர் ஒன்றும் மனைவி ஒன்றும் சொல்லும் வீட்டில் அக்கா தம் விருப்பப்படி நடப்பதே முறை.

விதி ஐந்து: குறைக்காகச் சம்பளத்தில் பிடிக்கலாகாது. ஒத்துவரவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லி, கணக்கை முடித்து அனுப்ப வேண்டும்.

9. துறை வல்லுநர் கருத்து

ஆய்வு நெறிப்படி, கட்டுரையின் சாரம் துறை வல்லுநர் ஒருவரிடம், அவர் சிங்க் முன் நின்றிருந்தபோது, வாசித்துக் காட்டப்பட்டது. பத்துக் குற்றங்களையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிதான். கிரைண்டர்ல மாவு அரைச்சுட்டு ஒரு சொம்பு தண்ணி ஊத்தாம காயவுட்டு வெச்சிருக்கியே, அது இதுல எந்தக் குத்தம்?"

நன்னூல் முழுவதும் தேடியும் விடை கிடைக்கவில்லை. பதினோராம் குற்றமாக அதைச் சேர்த்துக்கொள்ள ஆய்வாளர் இசைந்தார். அந்தத் துணிவில் சோபாவின் அடியைப் பற்றிய விண்ணப்பமும் முதன்முறையாக முழு வாக்கியமாக முன்வைக்கப்பட்டது. "அதுக்கென்னா, சனிக்கிழமை இழுத்துப் போட்டுப் பெருக்கிடறேன். அன்னிக்கு பாத்ரூம் நம்மளால ஆகாது, சொல்லிட்டேன்" என்று பதில் வந்தது. ஆகவே சனிக்கிழமை பாத்ரூம், விதி இரண்டின்படி, ஆய்வாளர் பொறுப்பு.