ஐடான்னா வேலைடா, பேராண்டி

வாடா பேராண்டி, குந்து. சேரு வேணாம், பாய் போட்டுக்கீது பாரு, அதுல குந்து. வந்தவாசியில பொறந்தவன் கோரப்பாய்ல குந்தலன்னா பாய்க்கும் அவமானம், ஊருக்கும் அவமானம். மூஞ்சி இன்னா இஞ்சி துன்ன மாதிரி கீது? பொண்ணு பொறந்து மாசம் ஒண்ணாவப் போவுது, இன்னும் பேரு வெக்கல. பேரு இல்லாமயே அது பால் குடிக்குது, தூங்குது, உம்மடியில மூத்திரம் போவுது. அதுக்கு ஒரு கொறையும் இல்ல. ஒனக்குத்தான் தூக்கம் போச்சு.

செல்லுல ஏதோ ஆப்பு வெச்சுக்கினு தேடறியாமே. எங்க காலத்துல ஆப்புன்னா மரம் பொளக்கிறதுக்கு அடிக்கிறது. இப்ப அத மனுசனே தனக்கு அடிச்சுக்கிறான் போல. ஜோசியர் ‘ஐ’ எழுத்துன்னு சொல்லிட்டாரு, எண்கணிதக்காரர் கூட்டுத்தொகை அஞ்சு வரணும்னு சொல்லிட்டாரு, உம் பொண்டாட்டி ரெண்டே எழுத்துதான் வேணும்னு சொல்லிட்டா. குழந்தைக்குப் பேரு தேடறியா, இல்ல பஸ்ஸுக்கு நம்பர் தேடறியா?

ஒண்ணு கேக்கறேன். ஒன்ன ஏன் பேரன்னு சொல்றாங்க? பெயரன். தாத்தன் பேர சொமக்கிறவன். ஒனக்கு எம்பேர வெய்யின்னு ஒங்கப்பன்கிட்ட சொன்னேன். “பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க”ன்னான். அதனால நீ பேராண்டி கூட இல்ல. பேரு போச்சு, மிச்சம் ஆண்டி. சரி, ஆண்டி, கடசியா எந்தப் பேருல வந்து நிக்கிற?

ஐடா. அடேங்கப்பா. ஒங்க அத்த என்ன சொன்னா? “பொம்பளப் புள்ளய டா போட்டு கூப்பிடறதா”ன்னு கேட்டாளா? அவளுக்குச் சொல்லு: இப்ப எந்த வூட்டுல பொண்ண ‘டி’ போடறாங்க? ‘சாப்புடுடா கண்ணு, தூங்குடா தங்கம்’னு எல்லாப் பொண்ணும் டா ஆயிட்டுது. இதுல டா பேரோடயே வந்துடுது. செலவு மிச்சம்.

ஆனா அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியுமா ஒனக்கு? ஆப்புல ‘அழகு, செழிப்பு, இளவரசி’ன்னு போட்டுக்கீதா? அதுல எந்தப் பேர அமுக்கினாலும் இளவரசிதான் வருது. எனக்கு இன்னா தெரியும், குழியில கால வுட்டுக்கினு ஆரணிப் பட்டு நெஞ்ச கையி. டீக்கடையில சரித்திர வாத்தியார் சொன்னத கேட்டுக்கினு வந்து சொல்றேன். தப்பா இருந்தா அவர அடி.

ஜெர்மன் பேசறவங்களோட முப்பாட்டனுங்க கிட்ட பேரு வெக்கிற முறை ஒண்ணு இருந்துது. நாம பாவு ஒண்ணு, ஊடை ஒண்ணு வெச்சு சேலை நெய்யற மாதிரி அவங்க ரெண்டு சொல்ல வெச்சு ஒரு பேரு நெஞ்சாங்க. மெட்டில்டான்னு ஒரு பேரு. முன்னால இருக்கிறது பலம், பின்னால இருக்கிறது போர். கெர்ட்ரூட்னு ஒண்ணு. ஈட்டியும் பலமும். பொம்பளப் புள்ளைக்கு ஈட்டின்னு பேரு வெச்சவங்க அவங்க. நாம இன்னா வெச்சோம்? போதும்பொண்ணு! நாலாவது பொண்ணா பொறந்ததுக்கு அந்தப் புள்ள ஆயுசு பூரா பள்ளிக்கூட ரிஜிஸ்தர்ல மன்னிப்பு கேட்டுக்கினு கெடக்கணும்.

அப்படி ரெண்டு சொல்லு சேந்த பேரு நீளமா இருந்தா நாம தனலட்சுமிய தனம்னு கூப்பிடற மாதிரி அவங்களும் சுருக்கிக்குவாங்க. அப்பிடி ‘இத்’னு ஆரம்பிக்கிற பேருங்கள சுருக்கி வந்ததுதான் ஐடா. அந்த ‘இத்’துக்கு அர்த்தம் இளவரசி இல்லடா. வேலை. ஒழைப்பு. சுறுசுறுப்பு. ஐ.டி. கம்பெனியில வேலை வேலைன்னு அலையறவன் தேடிப் புடிச்சு மகளுக்கு வெச்ச பேரும் வேலை! விதிய பாத்தியா?

இன்னொண்ணு கேளு, சிரிப்ப. எம்மான்னு ஒரு பேரும் அந்தக் குடும்பம்தான். ‘முழுசு’ன்னு அர்த்தமாம். 1880-ல அமெரிக்காவுல பொண்ணுங்களுக்கு அதிகமா வெச்ச பேருங்கள்ல எம்மா மூணாவது, ஐடா ஏழாவது, ஆலிஸ் எட்டாவது. ஆலிஸும் ஜெர்மன் வம்சம்தான், பிரெஞ்சுக்காரன் வாயில போயி தேஞ்சு வந்தது. அங்க எம்மான்னா ஒருத்திதான் திரும்பிப் பாப்பா. நம்ம தேரடியில நின்னு ‘எம்மா’ன்னு கூவு, கருவேப்பிலைக்காரி வரைக்கும் எல்லாரும் திரும்புவாங்க.

இந்த ஐடாங்க கதையில ஒரு வேடிக்கை கீது. ரொம்பப் பழைய ஐடா ஒருத்தி, இட்டான்னும் சொல்லுவாங்க, ராஜாவுக்கு மந்திரியா இருந்த பெப்பின்னு ஒருத்தரோட பொண்டாட்டி. புருசன் செத்ததும் இப்ப பெல்ஜியத்துல கீற நிவெல்ங்கிற ஊர்ல பொம்பளைங்களுக்கு மடம் கட்டி, அதுலயே போயி குந்திக்கினா. செத்தது 652-ல. மடத்துக்குத் தலைவி யாரு? அவ மக, கெர்ட்ரூட். அம்மா வேலை, மக ஈட்டி. எந்த மாப்பிள்ள கிட்ட வருவான்?

அப்பால நார்மன்காரங்க இங்கிலாந்துக்கு இந்தப் பேர தூக்கிக்கினு போனாங்க. கொஞ்ச நாள் ஓடிச்சு, அப்பறம் ஆளில்லாம போச்சு. பழைய சேலை பொட்டியில கெடந்து மறுபடி ஃபேஷன் ஆவுது பாரு, அந்த மாதிரி போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டுல திரும்ப வந்துது. டென்னிசன்னு இங்கிலீஷ் கவி, 1847-ல ஒரு கதைப்பாட்டு எழுதினாரு. அதுல ஐடான்னு இளவரசி. ஆப்பு சொன்ன இளவரசி அங்கதான் கீறா. ஆனா அந்த இளவரசி நக போட்டுக்கினு ஊஞ்சல் ஆடல. பொம்பளைங்களுக்குன்னே ஒரு பல்கலைக்கழகம் கட்டறா, ஆம்பள வாசப்படி மிதிக்கக் கூடாதுங்கிறா. ஊரு சிரிச்சுது. 1884-ல அத வெச்சு லண்டன்ல பாட்டு நாடகமே போட்டு கிண்டல் பண்ணாங்க. பொம்பளைங்க படிக்கறதாம், காலேஜ் கட்டறதாம்!

நீ இப்ப இன்னா கேக்கப் போறன்னு தெரியும். “தாத்தா, இடான்னு மனுவோட மகளுக்கே பேரு இருக்குதே, மூச்சுல இடகலை இருக்குதே, அப்ப ஜெர்மன்காரன் நம்மகிட்டதான் திருடினானா?” டேய், சத்தம் ஒண்ணா இருந்தா சொந்தமாயிடுமா? அப்ப எந்தறியில ஓடற நாடாவும் ஐடாவுக்கு அக்காவா? ஒலகத்துல நல்லது எதப் பாத்தாலும் ‘எங்க தாத்தா கொடுத்தது’ன்னு கெளம்பிடறீங்க. தாத்தா உக்காந்து கீறேன், வெத்தலைக்கு அஞ்சு ரூவா கேட்டா மட்டும் ஜிபே வேல செய்யலங்கிற.

வெள்ளக்காரனுங்களும் லேசுப்பட்டவனுங்க இல்ல. 1760-ல நம்ம கோட்டைகிட்ட இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதினானுங்க. ஜெயிச்சவன் வந்தவாசிய ‘வாண்டிவாஷ்’னு எழுதி சரித்திரத்துல போட்டுட்டான். ஊரு என்னமோ சோப்பு கம்பெனி மாதிரி ஆயிட்டுது. அவன் நம்ம பேர கெடுத்தான். அவங்க பேர நாம என்ன பண்ணோம்? அதான் கதை.

1870-ல நம்ம ராணிப்பேட்டையில ஒரு அமெரிக்க டாக்டர் பாதிரியார் வூட்டுல பொண்ணு பொறந்துது. அமெரிக்காவுல அப்ப எந்தத் தெருவுல கல்லெறிஞ்சாலும் ஒரு ஐடா மேல படும். இங்கயும் ஐடான்னே வெச்சாங்க. ஐடா சோபியா ஸ்கடர். சோபியா அவங்கம்மா பேரு. இத ஞாபகம் வெச்சுக்கோ, அப்பால கேப்பேன்.

அந்தக் குடும்பத்துல தாத்தன் 1819-லயே இலங்கைக்குக் கப்பல் ஏறினவரு. மகனுங்க எல்லாம் ஆற்காடு, ஆரணின்னு நம்ம பக்கமே சுத்தினாங்க. ஆனா இந்தப் பொண்ணுக்கு இங்க இருக்கவே புடிக்கல. சின்ன வயசுல தாது வருசப் பஞ்சத்த கண்ணால பாத்தது. அமெரிக்காவுல படிச்சிட்டு அங்கயே ஒரு நல்ல மாப்பிள்ளயா பாத்து செட்டில் ஆயிடலாம்னு நெனச்சுது. ஒன்ன மாதிரியேதான். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு திண்டிவனத்துக்கு வந்துது. நம்ம திண்டிவனம்டா, ஏறி ஒரு தூக்கம் போட்டா கண்டக்டர் எழுப்பி வுடுவாரே, அந்தத் திண்டிவனம்.

ஒரு ராத்திரி. கதவு தட்டறாங்க. ஒரு பிராமணர், “எம் பொண்டாட்டிக்கு பிரசவம் சிக்கலாயிட்டுது, வாம்மா”ங்கிறாரு. “நான் டாக்டர் இல்ல, எங்கப்பாதான் டாக்டர், கூட்டினு வரேன்”னு சொல்லுது. “ஆம்பள பாக்கறதா? அதுக்கு அவ செத்தே போகலாம்”னு திரும்பிப் போயிட்டாரு. அப்பால ஒரு முஸ்லிம் வந்தாரு. அப்பால இன்னொரு சாதிக்காரர். சாதி வேற, சாமி வேற, பேச்சு மட்டும் ஒண்ணு. விடிஞ்சா தெருவுல பறை. மூணு பொம்பளைங்களும் போயிட்டாங்க.

இங்க நான் கிண்டல் பண்ண மாட்டேன். கொஞ்சம் தண்ணி குடு.

அந்தப் பொண்ணு மாப்பிள்ளய மறந்துட்டு டாக்டருக்குப் படிக்கப் போச்சு. 1899-ல நியூயார்க் கார்னெல் காலேஜுல பட்டம். பொம்பளைங்கள அந்தக் காலேஜு சேத்துக்கினதே அப்பதான். ஒரு பேங்குக்காரர் பொண்டாட்டி ஞாபகமா 10,000 டாலர் குடுத்தாரு. 1900-ல வேலூர்ல ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சுது. 1902-ல 40 கட்டில் ஆஸ்பத்திரி. 1909-ல நர்சுங்களுக்குப் பள்ளிக்கூடம். மரத்தடியில வண்டிய நிறுத்தி ஊரூரா வைத்தியம். 1918-ல பொம்பளைங்களுக்கு டாக்டர் படிப்பு ஆரம்பிக்கறேன்னுது. ‘மூணு பேரு வந்தா ஒன் அதிர்ஷ்டம்’னாங்க பெரிய மனுசங்க. வந்த மனு 151. லண்டன்ல கிண்டல் பண்ணி சிரிச்ச நாடகம் வேலூர்ல நெசமாயிட்டுது பாரு. கதையில வர மாதிரியே 1947 வரைக்கும் அங்க டாக்டருக்குப் படிக்க ஆம்பளைங்கள சேக்கவும் இல்ல. இதத்தான் இன்னிக்கு சி.எம்.சி.ன்னு சொல்லிக்கினு வடநாட்டுக்காரன் வரைக்கும் ரயில் ஏறி வரான்.

‘டாக்டர் ஐடா, இந்தியா’ன்னு மட்டும் எழுதின லெட்டர் நேரா வேலூர் போயி சேந்துதுன்னு சொல்லுவாங்க. நீ பின்கோடு, லொகேஷன், லேண்ட்மார்க் எல்லாம் அனுப்பியும் பிரியாணிக்காரன் அடுத்த தெருவுல நிக்கிறான். அதாண்டா பேரு வெக்கிறதுக்கும் பேரு எடுக்கிறதுக்கும் வித்தியாசம். அந்தம்மா 1960-ல கொடைக்கானல்ல கண்ண மூடினாங்க. அவங்க பேர வெச்சுக்கினு அண்ணன் வழியில வந்த இன்னொரு ஐடாவும் அதே ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே டாக்டரா இருந்தாங்க. இப்ப ரோட்டுக்கே ஐடா ஸ்கடர் ரோடுன்னு பேரு. ஆட்டோக்காரன் அந்தப் பேர வாண்டிவாஷ் ஆக்காம சுத்தமா சொல்றான்.

ஜெர்மன்காரன் வாயில இந்தப் பேரு ஐடா இல்லயாம், ‘ஈடா’வாம். வாத்தியார் சொன்னதும் டீ கெளாஸ கீழ வெச்சுட்டேன். மூணு உசுருக்கு ஈடா ஒரு ஆஸ்பத்திரி. அது அவங்க பாஷையா, நம்ம பாஷையா, நீயே சொல்லு.

சரி, இப்ப ஒன் ஆயா பேரு இன்னா? சொல்லு. வெக்கமா கீதா? குப்பம்மா. அந்தப் பேரு எப்படி வந்துதுன்னு தெரியுமா? அவளுக்கு முன்னால பொறந்ததுங்க மூணும் தங்கல. நாலாவதா இவ பொறந்ததும் குப்பையில போட்டு பொரட்டி, ‘இது குப்பை, யமனே, இத எடுத்துக்காத’ன்னு அந்தப் பேர வெச்சாங்க. எங்க காலத்துல தெருவுக்கு நாலு குப்பம்மா, நாலு குப்புசாமி, ரெண்டு பிச்ச. எல்லாம் யமன ஏமாத்தறதுக்கு வெச்ச பேரு. இப்ப ஒரு குழந்தைக்காவது குப்பம்மான்னு வெக்கிறாங்களா? ஃபேஷன் போச்சுன்னு நெனக்காத. புள்ளைங்க பொழைச்சுக்குதுங்கடா. யமன ஏமாத்த வேண்டியதில்ல, அவன தொரத்தறதுக்கு ஆளு வந்துட்டுது. ஐடா வேலை செஞ்சா, குப்பம்மாவுக்கு வேலை இல்லாம போச்சு.

அதனால தாத்தன் தீர்ப்பு சொல்றேன் கேளு. ஐடான்னே வெய்யி. ஜோசியருக்கு ‘ஐ’ வந்துது, பொண்டாட்டிக்கு ரெண்டெழுத்து வந்துது, கூட்டுத்தொகைய அந்த ஆளே எப்படியாவது இழுத்துப்பாரு. ஆனா அந்தம்மா அம்மா பேர ரெண்டாவதா வெச்சுக்கினாங்களே, ஞாபகம் வெய்யின்னு சொன்னேனே? அது மாதிரி ஒண்ணு ஒட்டிடு. ஐடா குப்பம்மா. அப்பதான் அவ பேத்தி, பேர் சொல்லும் பேத்தி. பள்ளிக்கூடத்துல சிரிச்சா ரெண்டு பேரு கதையும் சொல்லச் சொல்லு, சிரிக்கறவன் வாய மூடிக்குவான்.

இன்னா முழிக்கிற? ஆப்புல இல்லயா? எழுந்திரு, மொதல்ல அந்தப் பாய சுருட்டி மூலையில வெய்யி. மக பேருக்கு நீ இன்னிக்கே பழகிக்கோ.