யானை போட்ட தொட்டில் விரிப்பு

வா மாப்ள, உக்காரு. அந்தக் கட்டில்ல வேண்டாம், உங்கத்தை வடகம் காயப் போட்டிருக்கா. அமெரிக்காவுக்குக் கொழந்தை மெத்தை செட்டு அனுப்பறயாமா? கரூர் முச்சூடும் அதே பேச்சு. நேத்துக் கோயில்ல பூசாரி கேட்டாரு, "உங்க மருமகன் இனிமே தட்டுல டாலராத்தான் போடுவாருங்களா?"ன்னு. இன்வாய்சைப் பாத்துப்போட்டுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன்.

பாத்தேன். எனக்கு என்ன தெரியும், எட்டாவதுல ரெண்டு தடவை உக்காந்தவன். நாப்பது வருசம் தறிக்கு முன்னால நின்னதைத் தவிர வேற படிப்பில்ல. நீ எம்பிஏ. அதனால கேக்கறேன். 'பேபி பெட்டிங்'னு ஒரே வரி எழுதி, பக்கத்துல ஒரே கஸ்டம்ஸ் கோடு நம்பர் போட்டிருக்கியே, அந்த நம்பரை எந்தச் சாமி அருள்வாக்குல சொல்லுச்சு? அதுவும் நம்ம ஊரு 8 எண்ணு! முத 6 எண்ணுதான் சாமி உலகத்துக்குப் பொது. 1988ல இருந்து அப்படித்தான். அதுக்கு மேல ஊருக்கு ஊரு வேற. அமெரிக்காக்காரனுக்கு மொத்தம் 10. நம்ம ஊட்டுச் சாவிய எடுத்துட்டுப் போயி அவன் ஊட்டுப் பூட்டுல திருகறயே, தொறக்குமா?

கொழந்தைன்னு எழுதினா கஸ்டம்ஸ்காரனுக்கு மனசு எளகும்னு நெனச்சியாக்கும். அந்தக் கோடு நம்பர் புஸ்தகத்துல 97 அத்தியாயம், அதுல 77ஆவது மட்டும் காலி. மிச்சம் அத்தனையும் தேடினாலும் 'கொழந்தைப் படுக்கை'ன்னு ஒரு தலைப்பு கெடையாது. படுக்கறது பேரனா பாட்டனான்னு அவன் கேக்கவே மாட்டான். உள்ளாற பஞ்சு கிஞ்சு அடைச்சிருக்கான்னு அமுக்கிப் பாப்பான். அடைச்சிருந்தா 9404, மேசை நாற்காலி இருக்கற அத்தியாயம். வெறும் விரிப்பு, தலகாணி உறைன்னா 6302. கம்பளி மாதிரி போத்தறதுன்னா 6301. தொட்டிலைச் சுத்திக் கீழ தொங்க உடற சுருக்குத்துணி ஒண்ணு வெச்சிருக்கியே, அது 6303, சன்னல் திரைக்குப் பங்காளி. கை நுழையற ஓட்டை வெச்ச தூக்கப்பை இருக்குதே, அது உடுப்புப் பக்கம் சாயும். அங்க மட்டும்தான் கொழந்தைக்கு மரியாதை: 86 சென்டிமீட்டர் ஒசரத்துக்குள்ள இருக்கற புள்ளைக்கான துணின்னா பின்னல் 6111, நெசவு 6209. உன்ற டப்பாவுக்குள்ள ஒரு கூட்டுக் குடும்பமே இருக்குது. நீ எல்லாத்துக்கும் ஒரே ரேசன் கார்டு வாங்கியிருக்கே.

"மாமா, செட்டா வித்தா ஒரே கோடு போதுமே"ங்கறே. ஆமாஞ் சாமி, அதுக்கும் வழி இருக்குது. சீர்த்தட்டுல தேங்கா, பழம், வெத்தலை, பட்டுச்சேலை எல்லாந்தான் இருக்கும். ஆனா ஊருக்குள்ள என்ன பேச்சு? "பட்டுச்சேலை வெச்சுக் குடுத்தாங்க". தேங்காயை யாரு பேசறா? அதே கணக்குத்தான் செட்டுக்கும். எது அந்தச் செட்டுக்கு உசுரோ அதும் பேருலதான் மொத்தமும் போகும். பஞ்சு வெச்ச போர்வை உள்ள இருந்தா பெரும்பாலும் அதுதான் பட்டுச்சேலை. எது உசுருன்னு தீராம போச்சுன்னா, போட்டிபோடற தலைப்புல எண்ணு வரிசைப்படி கடைசியா வர்றதை எடுத்துக்கோன்னு விதி. நல்ல விதி. நம்ம பாகப்பிரிவினையில இருந்திருந்தா ரெண்டு கேசு மிச்சம்.

அப்பறம் தொட்டிலைச் சுத்திக் கட்டற திண்டுமெத்தை ஒண்ணு வெச்சிருக்கே பாரு, அதுக்குக் கோடு தேடி நீ ராத்திரி பகலாத் தூங்கலைன்னு உங்கம்மா சொன்னா. அதை அமெரிக்காவுல விக்கறதையே 2022 நவம்பர்ல இருந்து தடை பண்ணிட்டாங்க கண்ணு. மூச்சு முட்டிப் புள்ளைங்க செத்துப் போச்சு, சட்டம் போட்டுட்டாங்க. செத்தவனுக்குச் சாதகம் பாத்த மாதிரி இருந்துச்சு உன்ற தேடல். அவிங்க கொழந்தை டாக்டர் சங்கம், ஒரு வயசு வரைக்கும் தொட்டில்ல இறுக்கமா மாட்டற விரிப்பு ஒண்ணு போதும், தலகாணியும் வேண்டாம், பஞ்சுப் போர்வையும் வேண்டாங்குது. நம்மாளுக தூளி கட்டி ஆட்டினப்ப இந்த ரோதனையே இல்ல. உங்கம்மா சேலைக்கு எந்தக் கோடும் கெடையாது, அதுலதான் நீ வளந்தே.

ஆக மிஞ்சறது விரிப்பு. அது நம்ம கைத்தொழில்தானேன்னு நானும் சந்தோசமாச் சாம்பிளை விரிச்சேன். நடுவுல ஒரு யானை! சாம்பல் நூலு, காதுக்கு ரோஸ் நூலு, தும்பிக்கையில ஒரு பூவு. எம்பிராய்டரி சுத்தமா இருக்குது, பொய் சொல்லக் கூடாது. இப்ப யானைக்குத் தீனி எவ்வளவுன்னு பாப்பமா? சொரசொரப்பு ஏத்தாத நெசவுப் பருத்தி விரிப்பு வெறுசா இருந்தா அமெரிக்காவுல சாதா வரி 6.7 சதவீதம். எம்பிராய்டரி, லேசு, ஒட்டுவேலை, ஓரத்துல 6.35 மில்லிமீட்டருக்கு மேல பைப்பிங், இதுல ஏதாச்சும் ஒண்ணு இருந்தா 20.9. ஆறே முக்கால் எங்கே, இருவத்தியொண்ணு எங்கே! 10 டாலர் விரிப்புக்கு 67 சென்ட் கட்டறவன் 2 டாலர் 9 சென்ட் கட்டுவான். பத்தாயிரம் விரிப்புன்னா யானை மட்டும் 14,200 டாலர் திங்கும். கோயில் யானை கூட அவ்வளவு திங்காது.

அந்த 6.35 என்னன்னு தெரியுமில்ல? கால் அங்குலம். உன்ற டெய்லர் பைப்பிங்கைச் சித்த தாராளமா உட்டா, யானை இல்லாமலே யானை விலை.

"யானையை அச்சுன்னு எழுதிரலாம்"னு ஏஜென்ட் யாரோ சொன்னானாமா? அருமையான ரோசனை. அந்த ஊருக்காரனுக்குத்தான் விரலே இல்லையே, தடவிப் பாக்க! அஞ்சு வருசம் பொறகால கூடத் தோண்டுவாங்க. வேணும்னே பொய் எழுதினேன்னு முடிவாச்சுன்னா, அந்த ஊருல சரக்கு என்ன மதிப்போ அது வரைக்கும் அபராதம் போகும். வரியெல்லாம் பையர் பாத்துக்குவான்னு இருக்கியா? ஊட்டு வாசல் வரைக்கும் நம்ம செலவுன்னு கையெழுத்துப் போட்டிருக்கயே, அதைப் படிச்சயா?

எழுதறதுக்குப் பதிலா நெசமாவே அச்சடிச்சுத் தொலை. அச்சுப் போட்டாலும் அதே 6.7தான், யானையும் அங்கயே நிக்கும். இது குறுக்கு வழியான்னு மூஞ்சியச் சுளிக்காத. முன்னால அந்த ஊருல சர்க்கரைக்கு நெறத்தைப் பாத்து வரி போட்டாங்க, மங்கலா இருந்தா வரி கம்மி. காய்ச்சறப்பவே மங்கலா வர்ற மாதிரி செஞ்சு எறக்கினாங்க. செஞ்சதே அந்த நெறத்துலன்னா அந்த வரிதான்னு அப்பவே அவிங்க சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. எம்பிராய்டரிதான் வேணும்னு அடம் புடிச்சா திருப்பூர்ப் பின்னல் துணியில போடு. பின்னல் படுக்கை விரிப்புக்கு 6 சதவீதம், பூ இருந்தாலும் இல்லாட்டியும். ஆனா திருப்பூர்க்காரங்கிட்ட நம்ம கரூர்க்காரன் போயி நின்னான்னு மட்டும் வெளிய சொல்லிப்போடாத.

மேல்வரிக் கூத்து தனி. 2025 ஆகஸ்டுல 50 சதவீதம் வரைக்கும் ஏத்துனாங்களே, அதெல்லாம் ஏத்தறதும் எறக்குறதும் அவிங்க இஷ்டம், நாம ஒண்ணும் பண்ண முடியாது. யானை உன்ற இஷ்டம்.

இன்னும் சந்தேகம்னா நியூயார்க்குல அவிங்க கஸ்டம்ஸ்ல இதுக்குன்னே ஆபீசு இருக்குது. விவரம் எழுதிச் சாம்பிளோட கேட்டா காசு வாங்காம எழுத்துல பதில் தருவாங்க, பெரும்பாலும் 30 நாள்ல. பையரும் கேக்கலாம், நீயும் கேக்கலாம். கண்டெய்னர் தூத்துக்குடி போறதுக்கு முன்னால கேளு, போன பொறகு என்னைக் கேக்காத.

சரி, சாம்பிளை இங்கயே வெச்சுட்டுப் போ. யானை நல்லாத்தான் இருக்குது. உன்ற தங்கச்சிக்கு ஆவணியில பிரசவம், அவளுக்கு ஆகும்.