வேடந்தாங்கலில் வாய்ப்பூட்டு

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களில் மூன்று வகை உண்டு. பறவையைப் பார்க்கப் போகிறவர்கள். தாங்கள் பறவை பார்ப்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று போகிறவர்கள். டிபன் எந்த ஓட்டலில் என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட்டு, மற்றதைப் பறவைகளின் சௌகரியத்துக்கு விட்டுவிடுகிறவர்கள். வேடந்தாங்கலுக்குக் கிளம்பிய எங்கள் காரில் மூன்று வகைக்கும் பிரதிநிதித்துவம் இருந்தது. நான் மூன்றாவது வகை.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். "இரை தேடக் கிளம்பறதுக்குள்ள போயிடணும்" என்று கேமரா நண்பர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் இருட்டிலேயே புறப்பட்டோம். அவருடைய லென்ஸுக்குத் தனி இருக்கை, தனி சீட் பெல்ட். மிச்சமிருந்த இடத்தில் என்னையும் ஐ.டி. நண்பரையும் திணித்துவிட்டு, முன்சீட்டில் ஓய்வுபெற்ற வங்கி கேஷியர் உட்கார்ந்துகொண்டார். வாழ்நாள் முழுக்கக் கூண்டுக்குள்ளிருந்து டோக்கன் நம்பர் கூப்பிட்ட குரல் அவருடையது. அவருக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், குரலுக்குக் கொடுக்கவில்லை. படாளம் கூட்டுரோட்டில் அவர் டீ சொன்னபோது எதிர்ச்சாரிக் கடைக்காரரும் டீ போட்டுவிட்டார்.

ஏரி சிறியதுதான், சுமார் 30 ஹெக்டேர். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கடம்பும் கருவேலமும் இலை தெரியாத அளவுக்குப் பறவைகளைச் சுமந்துகொண்டிருந்தன. கேஷியர் கரையேறியதும் முதல் டோக்கனைக் கூப்பிட்டார்.

"அதோ பாருங்கய்யா, ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்திருக்கு!"

அவர் காட்டியது நத்தைகுத்தி நாரையை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கரையில் நின்ற குடும்பங்கள் எல்லாம் அதையேதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. வேடந்தாங்கலில் கால் வைக்கும் எந்தப் பறவைக்கும் நம் ஜனங்கள் உடனே பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப ஊர் மாறுபவை. ஊசிவால் வாத்து, உள்ளான் போன்றவைதான் மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்துக் குளிருக்குத் தப்பி வருகின்றன. வந்தவை இங்கே கூடு கட்டுவதில்லை. தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டு, ஊருக்குத் திரும்பித்தான் குடும்பம் நடத்துகின்றன. டிசம்பர் சீசனுக்கு வந்து, சபா கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, பொங்கல் கழித்து நியூ ஜெர்சிக்கு விமானம் ஏறும் சித்தப்பாக்களின் கொள்கையும் இதுவே.

நத்தைகுத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். வழுக்கும் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவ அது தோதாக இருக்கிறது. கேஷியரின் வாயும் அன்று கடைசிவரை மூடவில்லை. ஆனால் நாரை அதை வைத்துப் பிழைக்கிறது. இன்னொரு வித்தியாசம், நாரைகளுக்குக் குரல் இல்லை என்றே சொல்லிவிடலாம். அலகைப் படபடவென்று தட்டித்தான் பேசிக்கொள்கின்றன.

தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் தெரிய ஏதோ நெளிந்து போனது. ஐ.டி. நண்பர் "பாம்பு!" என்று பெஞ்சின் மேல் ஏறிவிட்டார். அது பாம்புத்தாரா. முங்கி மீன் பிடிக்க வசதியாக அதன் இறகு தண்ணீரில் நன்றாக நனைந்துவிடும். அதனால் வெளியே வந்ததும் கிளையில் உட்கார்ந்து இரண்டு சிறகையும் விரித்துக் காயவைக்க வேண்டும். அது சிறகைக் காயவைத்து முடித்த பிறகுதான் நண்பர் பெஞ்சிலிருந்து இறங்கினார்.

இதற்குள் கேமரா நண்பருக்கு யோகம் அடித்தது. கரையோரக் கிளையில் ஒரு கரண்டிவாயன் வந்து உட்கார்ந்தது. அவர் மூச்சை அடக்கினார். எங்களையும் அடக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஏரியே ஒத்துழைத்த அந்த நொடியில் கேஷியரின் சட்டைப்பையிலிருந்து கணீரென்று ஒரு அம்மன் பாட்டு கிளம்பியது. கரண்டிவாயன் பறந்தது. "ஹலோ! ஏரியில இருக்கேன்! ஏ... ரி!" என்று கேஷியர் விளக்கியதில் மிச்சமிருந்தவையும் பறந்தன.

மேலிடத்துத் தீர்ப்பு உடனே வந்தது. சலவைக்குப் போட்டு வாங்கிய அவருடைய வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில், சொத்தென்று. அவர் பதறித் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் சாவதானமாகச் சொன்னார்: "விடுங்க சார். உங்களுக்கு அது கறை, எங்களுக்கு அது உரம்."

அந்த ஊரின் சரித்திரமே இதுதான். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்து அதிகம். அது பாயும் வயலில் விளைச்சல் நன்றாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, இனிச் சுடக் கூடாது என்று 1798இல் எழுத்துமூலமாகக் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், வாங்கினார்கள். மழை இரவில் மதுராந்தகம் ஏரிக்கரையில் வில்லும் கையுமாக ராம லட்சுமணரைக் கண்டதாகக் கதை சொல்வார்களே, அதே பிளேஸ் துரைதான். ஓர் ஏரியில் தெய்வ தரிசனம், பக்கத்து ஏரிக்காக நாரைகளின் சார்பில் மனு. துரைக்கு ஏரி ராசி இருந்திருக்கிறது.

1936இல் சரணாலய அங்கீகாரம், 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியல் என்று காகிதங்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. காவல் மட்டும் முன்பே இருந்தது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே தவிர்க்கும் ஊர் இது. அங்கே போய்த்தான் நாங்கள் அம்மன் பாட்டுக் கச்சேரி வைத்திருக்கிறோம்.

நீங்களும் போய் வாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். அதற்கு முன் நல்ல மழை பெய்து ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் இல்லை. காலையில் எழ முடியாதவர்கள் சாயங்காலம் போகலாம். கூட்டம் கூட்டமாகத் திரும்பிவரும் நேரம் அது. தலைக்குத் தொப்பி நல்லது; வெள்ளைச் சட்டை வேண்டாம். போனை அணைத்துவிடுங்கள். தீபாவளியையே சத்தமில்லாமல் கொண்டாடுகிற ஊரில், ஒரு காலைப்பொழுது நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றும் பெரிய தியாகமில்லை.