ஆகுர்டித் தாத்தாவும் ஆறு திரைக் கொட்டகையும்

ஆகுர்டித் தாத்தா என்பது ஓர் ஆளின் பெயரன்று, ஒரு வகையின் பெயர். புனேக்கு வடமேற்கே, பழைய மும்பை–புனே சாலையை ஒட்டி, பிம்ப்ரி–சிஞ்ச்வடு மாநகராட்சிக்குள் இருக்கும் ஆகுர்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்கூட்டர் செய்துவிட்டு ஓய்வுபெற்ற தமிழர் இவர். பிள்ளை கலிஃபோர்னியாவில். பேரக்குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில், ஏதேனும் ஒரு சனிக்கிழமை, அனஹைம் நகரத்து டிஸ்னிலாந்துக்கு அழைத்துச் செல்லப்படுவார். அங்கே எந்த ராட்டினத்திலும் ஏறாமல், வாசலுக்குச் சற்று உள்ளே இருக்கும் பழைய பொம்மைப்படக் கொட்டகைக்குள் போய், பொழுது சாயும்போது வெளியே வருவதுதான் இவ்வகையினரை மற்ற தாத்தாக்களிடமிருந்து பிரித்துக் காட்டும் முதல் அடையாளம்.

இவ்வகை தோன்றிய வரலாறு ஆகுர்டியின் வரலாற்றோடு சேர்ந்தது. ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று ஸ்கூட்டர் செய்துவந்தது. அந்த உரிமம் 1971-இல் முடிந்தது. மறு ஆண்டு, ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூடிக்கொண்டு சேத்தக் வந்தது. சேலத்திலும் திருச்சியிலும் திருநெல்வேலியிலும் டிப்ளமா முடித்த இளைஞர்கள் தகரப்பெட்டியோடு புனே ரயிலேறியது அந்தக் காலத்தில்தான். ஸ்கூட்டர் எவ்வளவு செய்யலாம் என்பதை அன்று அரசாங்கம் நிர்ணயித்ததால், பணம் கட்டிப் பதிவு செய்தவர் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் பிறந்ததும் பதிவு செய்து, அவள் கல்யாணத்துக்கு வண்டி வந்துவிடும் என்று கணக்குப் போட்ட குடும்பங்கள் உண்டு. வண்டி வந்த அன்றே அதை இருமடங்கு விலைக்குக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு.

நாடு முழுவதையும் வரிசையில் நிறுத்திவைத்த அந்தத் தொழிற்சாலையில், ஆகுர்டித் தாத்தா வரிசையின் மறுபக்கத்தில் நின்றவர். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு இன்லண்ட் கடிதத்திலும், சேமநலம் கேட்ட பின், “நம்ம நம்பரைக் கொஞ்சம் முன்னால தள்ள முடியுமா மாப்பிள்ளை?” என்று ஒரு வரி இருக்கும். தள்ள முடியாது. ஆனால் முடியாது என்று அவர் எழுதியதில்லை. “பார்க்கிறேன்” என்றுதான் எழுதுவார். சாதாரண ஃபிட்டராக இருந்தாலும் பத்து ஜில்லாக்களின் மாப்பிள்ளை முறுக்கு அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. வரிசை என்பது பிறருக்கானது என்ற எண்ணம் இவர் மனத்தில் ஊன்றியது அப்படித்தான். 2007-இல் ஆகுர்டியில் உற்பத்தி நின்றது. விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு இவர் வெளியே வந்தார். அதே ஆகுர்டியில் 2022-இல் மின்சாரச் சேத்தக் செய்யும் ஆலை திறந்தபோது, கேட்டுக்கு வெளியே நின்று அதை ஒருமுறை பார்த்துவிட்டு, “சத்தமே வரல, ஓடுதா நிக்குதான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டதோடு சரி.

இவருடைய உடையும் பேச்சும் விரைவில் சொல்லிமுடிக்கத் தக்கவை. அரைக்கைச் சட்டை, அதன் பையில் ஒரு பேனா, மூக்குக் கண்ணாடி, பழைய பழக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். (மூன்றாவதை விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.) அண்டைவீட்டார் மராட்டி முறையில் ‘காகா’ (சித்தப்பா) என்று கூப்பிடுவதால் ஊர்ப்பக்கத்து விருந்தாளிகள் திடுக்கிடுவதுண்டு. வீட்டுத் தமிழில் ‘சலா’, ‘அரே’ இரண்டும் உப்புப்போலக் கலந்திருக்கும். கேளிக்கைப் பூங்காக்கள் இவருக்குப் புதியவையல்ல. பக்கத்து நிக்டியில் துர்கா டேக்டி குன்றுக்கு அருகே அப்பு கர் இருக்கிறது. கோப்போலிப் பக்கம் 2013-இல் இமேஜிக்கா திறந்தது. இரண்டிலும் இவர் செய்தது ஒன்றுதான்: மற்றவர்களின் செருப்பையும் கைபேசியையும் மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

டிஸ்னிலாந்தில் நிழல் குறைவு, நடை அதிகம். ஒரு நாள் நுழைவுச் சீட்டு நூறு டாலருக்கு மேல். அதை ரூபாயாக்கிப் பார்க்கக்கூடாது என்று மருமகள் காரிலேயே சொல்லி வைத்திருப்பாள். இவர் வாசலைத் தாண்டுமுன் ஆக்கி முடித்திருப்பார். வெளிச்சாப்பாட்டை உள்ளே அனுமதிப்பார்கள் என்பதால் புளியோதரை டப்பா சோதனைமேசையைக் கடந்துவிடும். அதுவரை மனநிலை சமம்தான். முதல் ராட்டினத்தின் முகப்பில், காத்திருப்பு இத்தனை நிமிடம் என்று பலகையில் ஒளிரும் எண்ணைக் கண்டதும் அது குலையும். வரிசையை மடித்து மடித்துக் கயிறு கட்டி, நீளம் தெரியாமல் செய்திருக்கும் உத்தியை இவர் தொழில்முறையில் மெச்சுவார். மெச்சுவாரே தவிர, நிற்க மாட்டார். கூடுதல் பணம் கட்டினால் நிற்காமல் போகத் தனி வழி உண்டு என்று மகன் கைபேசியைக் காட்டும்போது இவருடைய முகம் மலரும். அந்நியச் செலாவணியாகப் பணம் கட்டியவர்களுக்கு அந்நாளில் சேத்தக் சீக்கிரம் கிடைத்தது. “ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் கோட்டா! இது நாங்க கண்டுபிடிச்சதுடா” என்பார். கட்டச் சொல்ல மாட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் கொட்டகை கண்ணில் படும். பூங்காவின் நுழைவுத் தெருவான மெயின் ஸ்ட்ரீட், வால்ட் டிஸ்னி சிறுவயதில் வாழ்ந்த மிசௌரி மாநிலத்து மார்சலின் என்ற சிற்றூரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அத்தெருவிலுள்ள மெயின் ஸ்ட்ரீட் சினிமா, பூங்கா தொடங்கிய 1955 ஜூலை 17 முதல் இருந்துவருகிறது. முதலில் அங்கே ஊமைப்படங்கள் ஓடின. பின்னால் மிக்கி மவுஸின் ஆரம்பகாலப் படங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வாசலில் சீட்டுக் கொடுக்கும் கூண்டு. கூண்டுக்குள் அந்தக் காலத்து உடையில் ஒரு பெண். மார்பில் ‘டில்லி, மார்சலின்’ என்று பெயர்ப் பட்டை. டில்லி ஒரு பொம்மை. ஆகுர்டித் தாத்தாவுக்கு இது உடனே தெரிவதில்லை. மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று அவளிடம் கேட்பார். பதில் வராது. மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கடையைச் சாத்திவிட்டு, திறந்த பிறகும் வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்க்காத புனேக் கடைக்காரர்களிடம் முப்பது ஆண்டு சாமான் வாங்கியவர் என்பதால், இதில் அவர் தவறாக எதையும் காண்பதில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க ஒருமுறை கேட்டுவிட்டு, தலையசைத்து, உள்ளே போய்விடுவார்.

உள்ளே இருட்டு, ஏசி, கட்டணமில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசையில்லை. நடுவில் கைப்பிடிக் கம்பியோடு ஒரு மேடை. அதைச் சுற்றிச் சுவரில் ஆறு திரைகள். ஆறிலும் ஒரே நேரத்தில் படம். நாற்காலி கிடையாது. எதிலிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்வதில்லை. பேரன் முப்பது விநாடிகளில் ஆறையும் பார்த்து முடித்து, “தாத்தா, இதுல கலரே இல்ல” என்று தீர்ப்பளித்துவிட்டு வெளியேறுவான். தாத்தா கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

ஆறில் இவர் நிலைகொள்வது ‘ஸ்டீம்போட் வில்லி’யின் முன்னால். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் முதலில் காட்டப்பட்ட படம் இது. ஓடும் நேரம் எட்டு நிமிடத்துக்கும் குறைவு. மிக்கியின் பிறந்தநாளாக அந்தத் தேதியையே டிஸ்னிக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். படகின் சுக்கானைப் பிடித்து மிக்கி விசிலடிப்பதும், இசைத்தாளைத் தின்ற ஆட்டின் வாலை மின்னி கிராமஃபோன் கைப்பிடிபோலச் சுற்ற அதன் வாயிலிருந்து பாட்டு வருவதும், பசுவின் பற்கள் சைலஃபோன் ஆவதும்தான் கதை. மற்றவர்கள் சிரிக்கும் இடங்களில் இவர் சிரிப்பதில்லை. முதல் சுற்றில் நேரம் எடுப்பார். இரண்டாம் சுற்றில் ஆட்டு வாலின் சுழற்சியும் பாட்டும் ஒட்டி வருகின்றனவா என்று பார்ப்பார். மூன்றாம் சுற்றில் ஒப்புக்கொள்வார்: “டைமிங் கரெக்ட்.”

இந்த ஒப்புதல் சரியானதே. படத்துக்கு ஒலியைப் பின்னால் ஒட்டவைக்காமல், தாளத்தை முதலில் வகுத்து அதற்கேற்ப வரைந்ததுதான் வில்லியின் சாதனை. விநாடிக்கு 24 படம் என்ற வேகத்தில், ஒரு தாளத்துக்கு எத்தனை படம் என்று மெட்ரோனோம் வைத்துக் கணக்கிட்டவர் வில்ஃப்ரெட் ஜாக்சன்; அப் ஐவர்க்ஸ் வரைந்தார். இசைக்குழுவோடு செய்த முதல் ஒலிப்பதிவு படத்தோடு ஒட்டவில்லை. மறுபதிவுக்குப் பணம் புரட்ட வால்ட் டிஸ்னி தன் காரை விற்றார். இத்தனை வரலாற்றையும் பொறுமையாகச் சொல்லும் மகனிடம் தாத்தா கேட்கும் ஒரே கேள்வி: “என்ன மாடல்?” மூன் என்ற கம்பெனி வண்டி என்று தெரிந்ததும், அந்தக் கம்பெனி இப்போது உண்டா என்பார். இல்லை என்ற பதிலில் அவருக்கு ஏதோ ஆறுதல். 2024 ஜனவரி 1 முதல் வில்லிக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்பதை மட்டும் விளக்கமில்லாமலே பிடித்துக்கொள்வார். பியாஜியோ உரிமம் முடிந்ததைப் பார்த்தவருக்கு அதில் புரியாதது என்ன இருக்கிறது?

அடுத்த திரையில் ‘டிராஃபிக் டிரபிள்ஸ்’, 1931-இல் வந்தது, மிக்கி அதில் டாக்சி ஓட்டுகிறான். நடுவில் நிற்கும் வண்டி ஒவ்வொன்றுக்கும் இவரிடம் காரணம் உண்டு. பெட்ரோல் அடைப்பு என்பார். பிளக்கில் கரி என்பார். வண்டியை ஒருபக்கம் சாய்த்துவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும் என்று அருகில் நிற்கும் அமெரிக்கக் குடும்பத்துக்கு, இடுப்பை வளைத்துச் செய்கையில் காட்டியதும் உண்டு. அவர்கள் அதை நடனம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

நான்காவது சுற்றில் இவ்வகையினருக்கே உரிய ஒரு பொய் வெளிப்படும். “இதெல்லாம் எங்க காலத்துப் படம்” என்று பெருமூச்சு விடுவார். கணக்கு ஒத்துவராது. 1928-இல் இவருடைய அப்பாவே அரிச்சுவடி எழுதிக்கொண்டிருந்த பையன். இவர் சிறுவயதில் டூரிங் டாக்கீஸின் மணலில் உட்கார்ந்து பார்த்தவை ஃபிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ் ரீலும், நாலு இடைவேளை விட்ட எம்.ஜி.ஆர். படமும்தான். மிக்கியை இவர் ஒழுங்காகப் பார்த்தது ஆகுர்டிக் குவார்ட்டர்ஸில், தூர்தர்ஷனில், மகனுக்குத் துணையாக. ஞாயிற்றுக்கிழமைகளில் 1993 வாக்கில் வந்த ‘ஜங்கிள் புக்’கை மகன் பார்த்தபோது, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தியவரும் இவரே. ஆக, இங்கே இவர் ஏங்குவது வேறொரு தேசத்தின் சிறுவயதுக்கு. கடன் வாங்கிய ஏக்கத்துக்கு வட்டி இல்லை என்பதால் தாராளமாகவே ஏங்குவார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பொம்மைப்படத்தின் பழங்கதை இந்தியாவிலும், ஏன், புனேயிலும் இருந்தது. தீக்குச்சிகள் தாமாக நகரும் படம் ஒன்றை 1915-இலேயே தாதாசாகேப் பால்கே எடுத்தார். கோலாப்பூரிலிருந்து 1933-இல் புனேக்கு இடம்பெயர்ந்த பிரபாத் ஃபிலிம் கம்பெனி, நரியொன்றை நாயகனாக்கி ‘ஜம்பு காகா’ என்ற கார்ட்டூன் எடுத்தது அந்த முப்பதுகளில்தான். பிரபாத்தின் இடத்தில் பிறகு திரைப்படக் கல்லூரி வந்தது. பக்கத்திலேயே 1964-இல் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது. ஆகுர்டியிலிருந்து லோக்கல் ரயிலும் ஒரு ஆட்டோவும் போதும். முப்பது ஆண்டுகளில் இவர் அந்த வாசலை மிதித்ததில்லை. ஒருமுறை அவை இருக்கும் லா காலேஜ் ரோடு வரை போய், ஆட்டோக்காரரோடு மீட்டருக்காகச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார். காகா என்று தன்னைக் கூப்பிடும் ஊரில் காகா என்றே ஒரு கார்ட்டூன் நரி இருந்தது இவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதும் இல்லை.

இவ்வகையில் பாட்டியும் உண்டு. அவர் கொட்டகைக்குள் வருவது உட்கார. நாற்காலி இல்லை என்று கண்டதும் மேடைப் படியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அமர்ந்து, புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொள்வார். பன்றிக் குட்டிகளை மிக்கி பிடித்திழுக்கும் காட்சி வரும்போது மட்டும், “வாயில்லா ஜீவனை இப்படியா படுத்துவான்?” என்று கண்டிப்பார். திரைப்பட விமர்சனத்தில் தாத்தாவைவிட இவர் நேர்மையானவர். தன் காலத்துப் படம் இது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மாலையில் மகன் குடும்பம் தேடி வரும்: மூன்று ராட்டினம், நாலரை மணி நேர வரிசை, அழுத குழந்தை. “நீங்க என்னதான் பாத்தீங்க மாமா?” என்று மருமகள் கேட்பாள். “ஆறு படம்மா. ஒவ்வொண்ணும் எட்டு ஒன்பது தடவை.” சொல்லிக்கொண்டே கம்பியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு இறங்குவார், ஷிஃப்ட் முடிந்து மெஷினை ஒப்படைக்கும் பழக்கம். போகும்போது டில்லிக்கு ஒரு கும்பிடு.

ஊர் திரும்பியபின் துர்கா டேக்டியில் காலைநடை நண்பர்களிடம் இது விரிவாகச் சொல்லப்படும். அங்கே பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவராவது சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டு ஒன்பது ஆண்டு காத்திருந்த மராட்டியராக இருப்பார். அனைத்தையும் கேட்டு முடித்து அவர் விசாரிப்பார்:

“காகா, அங்கே உங்கள் நம்பர் எப்போது வந்தது?”

“நம்பரே கிடையாது. போனதும் படம்.”

அந்த மராட்டியர் அதை நம்ப மாட்டார்.